சக்கை மர உடுக்கும் 2 இஞ்ச் பிட்டும்: ஒரு பட்டறை விபத்தின் ஆய்வு

தை மாதம் இரண்டாம் வாரம், தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் என் கடைசல் பட்டறையில், லேத்தில் ஓடிக்கொண்டிருந்த மரத்தோடு சேர்ந்து, துளை போடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் டிரில் சக்கும் சுற்ற ஆரம்பித்து, கழன்று வந்து என் இடது கையில் அடித்தது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் 4 தையல். எலும்பு தப்பியது. 12 நாள் வேலை இல்லை.

கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் நடந்ததை ஒவ்வொரு நொடியாகப் பிரித்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது, இத்தனை வருஷமாக நான் பயப்பட்டது தவறான இடத்தில். பெரிய பிட்டை மரத்துக்குள் தள்ளும்போது உடம்பு முழுக்க உஷாராக இருப்பேன். வெளியே எடுக்கும்போது வேலை முடிந்த நினைப்பில் கை தளர்ந்துவிடும். அடி விழுந்தது அங்கேதான். நம் மாவட்டத்தில் சின்ன லேத்தை வைத்துக்கொண்டு பெரிய வேலை செய்கிறவர்கள் நிறைய பேர் இருப்பதால், இதை ஒளிக்காமல் முழுதாக எழுதிவைக்கிறேன்.

வந்த வேலை

வில்லுப்பாட்டுக் குழு நடத்தும் அண்ணாவி ஒருவர் தன் பழைய உடுக்கைக் கொண்டுவந்தார். வாயிலிருந்து இடுப்பு வரை ஒரு வெடிப்பு. பசை போட்டு, நூல் சுற்றி மூன்று கோயில் கொடைக்காலம் ஓட்டியிருக்கிறார்.

"இனி இது தாங்காது மக்கா. பங்குனி கொடைக்கு முன்னால இதே அளவுல ஒண்ணு குடைஞ்சு தா" என்றார்.

அளவு எடுத்தேன். நீளம் பத்தரை இஞ்ச், வாய் இரண்டும் வெளிவிட்டம் 6 இஞ்ச், இடுப்பு வெளியே மூன்றேகால் இஞ்ச், இடுப்புக்குள் ஓட்டை 2 இஞ்ச். கணக்குப் போட்டால் இடுப்பில் சுவர் 5 நூல், வாயில் 3 நூல் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு). உடுக்கு அடிப்பவர் இடுப்பில் இருக்கும் கயிற்றை இறுக்கியும் விட்டும்தான் நாதத்தை ஏற்றி இறக்குகிறார். அந்த இடத்தில் சுவர் ஒரு பக்கம் மெலிந்து மறுபக்கம் தடித்தால் அங்கேயே நாளை வெடிக்கும். ஆகவே இந்த வேலையில் எல்லாமே அந்த 2 இஞ்ச் ஓட்டை நேராகப் போவதைப் பொறுத்தது.

பழைய உடுக்கின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். பிட் போன தடமே இல்லை. வளைந்த உளியால் கையாலேயே தோண்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வெட்டும் நகம் பதிந்த மாதிரி அப்படியே இருந்தது. அதைச் செய்த கைகளை நினைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

மரத்தையும் அவரே கொடுத்தார். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது அவர் வீட்டுப் பின்புறம் விழுந்த சக்கை மரம். வெளியூர்க்காரர்கள் பலா என்பார்கள். பெரிய மரம் என்பதால் நடுக்குருத்து சேராமல் 7 இஞ்ச் கனத்தில் துண்டு கிடைத்தது. மாட்டுத் தொழுவின் பரணில் இத்தனை வருஷம் கிடந்து நன்றாக உலர்ந்திருந்தது. பத்மநாபபுரம் அரண்மனையில் தாய்க்கொட்டாரத்துத் தூணைப் பார்த்தவர்களுக்கு இந்த மரம் எவ்வளவு நுணுக்கமான வேலையைத் தாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அறுத்தவுடன் மஞ்சள், நாள் போகப் போகத் தேன்நிறம். ஆனால் உலர்ந்த சக்கையின் தலைப்பக்கத்தில், அதாவது நார் நம்மைப் பார்த்து நிற்கும் பக்கத்தில், பிட் போட்டால் சீவலாக வராது, மாவாக வரும். அந்த மாவுதான் இந்தக் கதையில் முதல் குற்றவாளி.

அன்று என்ன நடந்தது

துண்டை உருட்டி, ஒரு முனையில் 3 இஞ்ச் அகலத்துக்குக் குமிழ் கடைந்து, அதை நாலு தாடை சக்கில் பிடித்திருந்தேன். எதிர்ப்பக்கம், லேத்தின் அடிச்சட்டமான படுக்கையில் நகரும் தாங்கியான டெயில் ஸ்டாக்கில் டிரில் சக், அதில் 2 இஞ்ச் பிட். விளிம்பில் ரம்பப் பல் உள்ள வகை. இரண்டு பக்கமிருந்தும் ஐந்தேகால் இஞ்ச் குடைந்து நடுவில் சந்திக்க வைப்பது திட்டம்.

டெயில் ஸ்டாக்கின் கைச்சக்கரத்தைச் சுற்றினால் டிரில் சக்கைத் தாங்கும் குழல் முன்னும் பின்னும் நகரும்; என்னுடையதில் அது வெளியே வருவது இரண்டேகால் இஞ்ச்தான். அதற்கு மேல் ஆழம் வேண்டுமானால் டெயில் ஸ்டாக்கையே முன்னால் நகர்த்த வேண்டும். முதல் இரண்டேகால் இஞ்ச் போனது. கடைசி அரை இஞ்சில் கருகல் வாசனை வந்தது, லேசாகப் புகையும் எழுந்தது. சரி, குழலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

அந்த இடத்தில் ஒரு குறுக்குவழி உண்டு. பலரும் செய்வது, நானும் வருஷக்கணக்காகச் செய்தது. பிட்டை ஓட்டையிலிருந்து வெளியே எடுக்காமல், டெயில் ஸ்டாக்கின் பூட்டை மட்டும் தளர்த்திவிட்டுக் கைச்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுவது. பிட் ஓட்டைக்குள்ளேயே நிற்கும், டெயில் ஸ்டாக் தானாக முன்னால் ஊர்ந்து வரும். அப்புறம் பூட்டிவிட்டு மறுபடி குடையலாம். பிட்டை முழுதாக வெளியே எடுத்து, தூள் தட்டி, திரும்ப உள்ளே விடும் நேரம் மிச்சம்.

லேத் ஓடிக்கொண்டிருந்தது. வலது கை சக்கரத்தில். இடது கையை டெயில் ஸ்டாக்கின் மூக்கில் வைத்து முன்னால் இழுத்துக்கொடுத்தேன். குழல் முழுதாக உள்ளே போக இன்னும் கால் இஞ்ச் இருக்கும்போது "டக்" என்று ஒரு சத்தம். அடுத்த கணம் டிரில் சக் மரத்தோடு சேர்ந்து சுற்றியது. இரண்டோ மூன்றோ சுற்று நேராகச் சுற்றியிருக்கும். பிறகு ஆட்டம் கண்டு, வால்பக்கம் வீசி, கையில் அடித்துவிட்டு லேத்தின் படுக்கையில் விழுந்தது.

சுவிட்ச், மரத்தைப் பிடித்துச் சுழற்றும் ஹெட் ஸ்டாக் பக்கம் இருந்தது. அதைத் தொட வேண்டுமானால் சுற்றும் மரத்தைத் தாண்டிக் கை நீட்ட வேண்டும். உதவிக்கு இருந்த பையன் "அண்ணே, விடுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்ச் சுவரில் இருந்த மெயினை அணைத்தான். அவனுக்கு நான் இதைச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. அவனாகவே செய்தான்.

ஏன் கழன்றது

டிரில் சக்கின் வால் ஒரு கூம்பு. மோர்ஸ் டேப்பர் 2 என்ற அளவு. பெரிய முனையில் 17.78 மில்லிமீட்டர், ஏறக்குறைய 20-க்கு 1 என்ற சரிவு. குழலுக்குள்ளும் அதே சரிவு. திருகு கிடையாது, ஆணி கிடையாது. இரண்டு பரப்பும் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்வது மட்டும்தான் பிடிமானம். குடையும்போது நாம் கொடுக்கும் அழுத்தம் கூம்பை மேலும் மேலும் உள்ளே இறுக்குகிறது. ஆகவே உள்ளே போகும்வரை அது உடும்புப் பிடி. இழுக்க ஆரம்பித்தவுடன் கணக்கு தலைகீழ். கூம்பை வெளியே வராமல் தடுக்க அங்கே எதுவுமே இல்லை. ஓட்டைக்குள் தூள் அடைத்துக்கொண்டு பிட்டைப் பிடித்து வைத்திருந்தால், இழுப்பு முழுவதும் அந்தக் கூம்பின் மேல்தான் விழும்.

இது பாதிக் காரணம். மீதியை எட்டாம் நாள்தான் கண்டுபிடித்தேன், அதுவும் தற்செயலாக. மரத்தின் முனையைத் தாங்கும் கூரான சென்டரை டெயில் ஸ்டாக்கிலிருந்து கழற்ற நாம் என்ன செய்கிறோம்? கைச்சக்கரத்தைக் கடைசிவரை பின்னோக்கிச் சுற்றுகிறோம். உள்ளே இருக்கும் திருகுத் தண்டின் நுனி சென்டரின் வாலில் முட்டி வெளியே தள்ளிவிடுகிறது. தினம் பத்துத் தடவை செய்வது. ஒற்றைக் கையால் சென்டரைக் கழற்றியபோது அதே "டக்" கேட்டது. அன்று கேட்ட அதே சத்தம்.

ஆக, குறுக்குவழியில் நான் குழலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டே போனபோது, கடைசிக் கால் இஞ்சில் என் கையாலேயே டிரில் சக்கைக் கழற்றிவிட்டிருக்கிறேன். லேத் ஓடும்போது. இத்தனை வருஷம் ஏன் நடக்கவில்லை என்று கேட்டால், இத்தனை வருஷமும் அரை இஞ்ச் மிச்சம் இருக்கும்போதே நிறுத்தியிருப்பேன். அன்று ஆழம் அதிகம் வேண்டியிருந்ததால் முழுக் குழலும் வேண்டும் என்று கடைசிவரை சுற்றினேன்.

வேகம், சூடு, கோணல்

கழன்றதற்குக் காரணம் மேலே சொன்னதுதான். ஆனால் பிட் ஓட்டைக்குள் அவ்வளவு இறுகியிருக்காவிட்டால் டிரில் சக் சும்மா நின்றிருக்கும், மரத்தோடு சுற்றியிருக்காது. இறுகியதற்கு மூன்று காரணங்கள் தெரிந்தன.

வேகம்தான் பெரியது. என் மோட்டார் 1440 சுற்று. புல்லியில் மூன்று படி. முந்தைய நாள் பையன் கட்டில் கால் ஒன்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது பெல்ட் நடுப்படியில் இருந்தது, அதாவது 960. நான் மாற்றவில்லை, பார்க்கவும் இல்லை. 2 இஞ்ச் பிட்டின் விளிம்பில் ஒரு சுற்றுக்கு 160 மில்லிமீட்டர் மரம் உரசிப் போகிறது. 960 சுற்றில் அது நிமிஷத்துக்கு 153 மீட்டர். கீழ்ப்படியான 480-ல் பாதி, 77 மீட்டர். 3 இஞ்ச் பிட்டுக்கு 480-லேயே 115 மீட்டர் வந்துவிடும். நடுவில் கூர் இருக்கும் இடம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, விளிம்புதான் இத்தனை தூரம் ஓடுகிறது. பிட் பெரிதாகப் பெரிதாக வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும்; எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மனசில் உறைக்கிறது.

இரண்டாவது, தூள். இந்த வகை பிட்டில் சாதாரண டிரில்லில் இருப்பது போல மேலே ஏற்றிவிடும் சுருள் வாய்க்கால் கிடையாது. அமெரிக்கத் துப்பாக்கிக் கொல்லரான பெஞ்சமின் ஃபார்ஸ்ட்னர் 1874-ல் காப்புரிமை வாங்கிய யோசனையிலிருந்து வந்தது இது. அதில் பிட்டுக்கு வழிகாட்டுவது நடுவில் இருக்கும் கூர் அல்ல, விளிம்பு. அதனால்தான் ஓட்டையின் சுவர் அவ்வளவு வழவழப்பாக வருகிறது. அதே காரணத்தால் வெட்டிய மரம் வெளியே போக நாம்தான் வழி விட வேண்டும். அரை இஞ்சுக்கு ஒரு தடவை பிட்டை வெளியே எடுத்துத் தூள் தட்டியிருக்க வேண்டும். நான் இரண்டேகால் இஞ்சுக்கு ஒரே ஒரு தடவைதான் எடுத்திருந்தேன்.

மூன்றாவதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஓட்டையின் வாயை அளந்தால் 50.8 இருக்க வேண்டிய இடத்தில் 52.5 மில்லிமீட்டர். ஹெட் ஸ்டாக்கிலும் டெயில் ஸ்டாக்கிலும் கூர் சென்டர் போட்டு, இரண்டு முனையையும் மூக்கோடு மூக்காக வைத்துப் பார்த்தேன். டெயில் ஸ்டாக் முனை ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தாழ்ந்திருந்தது. வருஷக்கணக்கில் படுக்கையில் உரசித் தேய்ந்த தேய்மானம். மரம் ஒரு அச்சில் சுற்றுகிறது, பிட் இன்னொரு அச்சில் நிற்கிறது. அப்போது பிட்டின் விளிம்பு ஒரு பக்கம் எப்போதும் சுவரை நெருடிக்கொண்டே இருக்கும். பிட்டைக் கழுவிப் பார்த்தபோது விளிம்பில் கால்பங்கு நீலம் பாய்ந்திருந்தது. உருக்கு நீலமாக 300 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். நீலம் பாய்ந்த பல் இனிக் கூர் நிற்காது. பிட்டின் தண்டும் வளைந்திருந்ததால் அதைத் தூக்கிப்போட்டேன்.

மறுபடி செய்தது

மரம் பிழைத்துக்கொண்டது. கிழிந்தது வாய்ப்பக்கம்தான், அங்கே எப்படியும் 5 இஞ்சுக்கு மேல் திறக்கப் போகிறோம். அண்ணாவியிடம் போய் நடந்ததைச் சொல்லி, ஒரு மாதம் தள்ளிக் கேட்டேன். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தவர், "உடுக்கு எங்க போகுது, நீ முதல்ல ஆறு" என்றார்.

கட்டுப் பிரித்த பிறகு முதலில் டெயில் ஸ்டாக்கின் அடியில் தகடு வெட்டி வைத்தேன். பித்தளைத் தகடு, இரண்டு பக்கமும் ஒரே கனம், நான்கு தடவை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் முனைகள் சந்தித்தன. மோட்டாருக்கும் ஹெட் ஸ்டாக்குக்கும் நடுவில் ஒரு இடைத்தண்டு போட்டு வேகத்தை 240-க்கு இறக்கினேன். அந்த வேகத்தில் 3 இஞ்ச் பிட்டின் விளிம்பு நிமிஷத்துக்கு 57 மீட்டர்தான் ஓடும். டெயில் ஸ்டாக் பக்கம் இன்னொரு சுவிட்ச், தொடை இடித்தாலே அணைகிற உயரத்தில். கூம்பிலும் குழலிலும் இருந்த எண்ணெயையும் தூளையும் துணியால் துடைத்தேன். அன்றைய சுற்றில் கூம்பின் மேல் ஒரு கீறல் விழுந்து முகடு எழுந்திருந்தது. அதை அரத்தால் தொடாமல் எண்ணெய்க்கல்லால் மெதுவாகத் தேய்த்து எடுத்தேன். ஒரு முகடு இருந்தால் கூட கூம்பு முழுதாகக் கவ்வாது.

கூம்பின் வாலில் திருகு வெட்டிய சக் வாங்கி, பின்னால் இருந்து ஒரு நீளப் போல்ட்டால் இழுத்துக் கட்டினால் இந்தப் பயமே இல்லை என்று தெரியும். குழலும் திருகும் உள்ளே துளையாக இருக்கும் டெயில் ஸ்டாக் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைச் செய்யுங்கள். என்னுடையதில் திருகுத் தண்டு கெட்டி. வழி இல்லை.

அதனால் வெளியே எடுக்கும் முறையையே மாற்றினேன். அரை இஞ்ச் குடைந்ததும் லேத்தை நிறுத்துவேன். முழுதாக நின்ற பிறகு, ஹெட் ஸ்டாக் புல்லியை இடது கையால் ஓடும் திசையிலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு, வலது கையால் குழலைப் பின்னுக்குச் சுற்றுவேன். பிட் நாலு சுற்றில் கலகலத்து வந்துவிடும். எதிர்த்திசையில் உருட்டக் கூடாது. மரத்தைப் பிடித்திருக்கும் நாலு தாடை சக் திருகில் நிற்கிறது, கழன்றுவிடும். ஓடவிட்டுக்கொண்டே டிரில் சக்கை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். சின்ன பிட்டுக்கு நானும் அப்படித்தான் செய்தேன். 2 இஞ்சுக்கு மேல் என் கையை நம்பி அதைச் செய்ய மாட்டேன். குழலில் முக்கால் இஞ்ச் இடத்தில் சிவப்பு பெயின்ட் கோடு போட்டிருக்கிறேன். பிட் மரத்துக்குள் இருக்கும்போது குழல் அந்தக் கோட்டுக்குப் பின்னால் போகக் கூடாது.

பெரிய பிட்டை முதலில் போட வேண்டும், சின்னதைப் பிறகு. முன்னால் தலைகீழாகச் செய்திருந்தேன். 2 இஞ்ச் ஓட்டை ஏற்கெனவே இருந்தால் 3 இஞ்ச் பிட்டின் நடுக்கூருக்கு ஊன்ற மரமே இருக்காது, தொடங்கும்போது துள்ளும். ஆகவே விபத்து நடந்த பக்கத்தில் 3 இஞ்ச் பிட் போடாமல் கௌஜ் என்னும் குழிவான உளியாலேயே வாயை இரண்டரை இஞ்ச் ஆழத்துக்குத் திறந்தேன். ஒரு மணி இருபது நிமிஷம் ஆனது. மறுபக்கத்தில் 3 இஞ்ச் பிட்டை இரண்டரை இஞ்ச் ஆழத்துக்கு இறக்கி, பிறகு கௌஜால் அகலப்படுத்தினேன். நின்று நின்று எடுத்ததையும் சேர்த்து 35 நிமிஷம். நின்று எடுப்பதால் நேரம் போகும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

நடுவில் மரமே இல்லாதபோது கௌஜுக்கு எவ்வளவு சுகம் என்பதைக் கடைந்தவர்களுக்குத்தான் தெரியும். நடுப்புள்ளியில் மரம் சுற்றுவதே இல்லை, அங்கே உளி வெட்டாது, குத்தும். அந்தப் புள்ளியைப் பிட் எடுத்துவிட்டால், கௌஜை ஓட்டை விளிம்பில் வைத்து நடுவிலிருந்து வாயை நோக்கி இழுத்துக்கொண்டு வரலாம். தலைப்பக்க மரத்தில் அந்தத் திசைதான் நாருக்கு இதம். சக்கையின் மஞ்சள் மாவு அப்போது மாவாக இல்லாமல் குட்டிக் குட்டிச் சுருளாக விழுந்தது.

இன்னொரு வசதியும் அமைந்தது. 16 மில்லிமீட்டர் டிரில் சக்கின் உடம்பு ஏறக்குறைய இரண்டேகால் இஞ்ச் தடிமன். 3 இஞ்ச் ஓட்டைக்குள் அது தாராளமாக நுழையும். ஆகவே 2 இஞ்ச் பிட்டை மீதி இரண்டேமுக்கால் இஞ்ச் இறக்க நீட்டுத்தண்டு தேவைப்படவில்லை. நீட்டுத்தண்டு போட்டால் ஆட்டமும் கூடவே வரும்.

பக்கம் மாற்றியபோது, முதல் ஓட்டைக்குள் இறுகப் பொருந்தும் கட்டை ஒன்றைக் கடைந்து சக்கில் பிடித்து, அதன் மேல் துண்டைச் செருகி, மறுமுனையைச் சென்டரால் தாங்கி வெளிப்புறத்தை ஒருமுறை ஓட்டி நேராக்கினேன். இந்தப் படியை விட்டால் இரண்டு ஓட்டையும் நடுவில் சந்திக்காது. முதல் ஓட்டை வாயில் அகன்றிருந்ததால் கட்டையை அடிப்பக்கத்து அளவுக்குக் கடைய வேண்டியதாயிற்று. கடைசியில் விரலை விட்டுத் தடவினால் சந்திப்பில் நகம் தட்டும் அளவுக்கு ஒரு படி இருந்தது, அரை மில்லிமீட்டர்கூட இல்லை. சுரண்டி உளியால் இரண்டு தடவை வருடியதும் போனது. பிறகுதான் வெளியே இடுப்பு கடைந்தேன், சுவர்க் கனத்தை வளைகாலியால் நான்கு இடத்தில் பார்த்துப் பார்த்து.

பங்குனி இரண்டாம் வாரம் தோல் போர்த்துகிறவரே நேரில் வந்தார். வாய் விளிம்பில் பெருவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது தோலை அறுத்துரும் தம்பி" என்றார். நான் விளிம்பைக் கூர்மையாகவே விட்டிருந்தேன். பிட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததில் அது மனசில் வரவில்லை. அவர் முன்னாலேயே லேத்தில் ஏற்றி, அரை நூல் உருட்டி, 220 தாளால் தேய்த்துக் கொடுத்தேன். மறுபடி பெருவிரலை ஓட்டினார். இடுப்பில் கயிறு வரும் இடத்தை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். பழைய உடுக்கின் வளையங்களையும் சேர்த்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.